கப்பல் ரேடியோ: பேசவும் வேணும், இருக்கிற இடமும் தெரியக்கூடாது

யாராவது ரொம்ப விவரமான, பிடிகொடுக்காத ஆளா இருந்தா "அவன் பெரிய எம்டன்"னு இன்னைக்கும் சொல்றோம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் கரைக்கு வந்து பர்மா கம்பெனி எண்ணெய் டாங்கியைக் கொளுத்திட்டுப் போன ஜெர்மன் கப்பல்தான் அதுன்னும் நிறைய பேருக்குத் தெரியும், ஆனா அது எப்படி மாட்டுச்சுங்கிறதை யாரும் அவ்வளவா பேசறதில்ல. அதே வருஷம் நவம்பர் 9 காலையில இந்தியப் பெருங்கடல்ல கோகோஸ் தீவுக்கூட்டத்துல டைரக்‌ஷன் தீவுன்னு ஒரு குட்டித் தீவுக்குப் போச்சு எம்டன், அங்க இருந்த கடலடித் தந்தி ஆபீஸையும் வயர்லெஸ் கம்பத்தையும் ஒடைக்கிறதுக்காக. ஆபீஸ்ல இருந்தவங்க பார்த்ததுமே, அடையாளம் தெரியாத கப்பல் ஒண்ணு வாசல்ல நிக்குதுன்னு வயர்லெஸ்ல அடிச்சு விட்டுட்டாங்க. எம்டன்காரங்களும் தங்களோட டிரான்ஸ்மிட்டரைப் போட்டு அந்த மெசேஜை அமுக்கப் பார்த்தாங்க, முடியல. சுமார் 50 மைல் தள்ளிப் போய்க்கிட்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதைக் கேட்டுட்டு வந்து சேர்ந்துச்சு, அன்னைக்கே எம்டன் கதை முடிஞ்சது.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா அதுவரைக்கும் எம்டன் பிழைச்சதே காதாலதான், தான் வாயைத் திறக்காம மத்த கப்பல்கள் பேசறதை ஒட்டுக்கேட்டு, சத்தம் பலமா வந்தா பக்கத்துல இருக்கான்னு கணக்குப் போட்டு வேட்டையாடுச்சு. கடல்ல ரேடியோ இல்லாம சண்டை போட முடியாது, ஆனா ரேடியோல பேசினா நாம இருக்கிற இடம் எதிரிக்குத் தெரிஞ்சிடும். போர்க்கால நேவி ரேடியோ பெட்டிகளை இப்போ மியூசியத்துலயோ போட்டோலயோ பார்க்கிறப்போ, இவ்வளவு குமிழ், இவ்வளவு எடை, இவ்வளவு தகரம் எதுக்குன்னு தோணும்ல, அதுல பாதிக்கு மேல பதில் இந்த ஒரு சிக்கல்லதான் இருக்கு. அதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

முதல்ல டிரான்ஸ்மிட்டர். கம்பியில கரண்ட்டை செகண்டுக்கு லட்சக்கணக்கான தடவை முன்னும் பின்னுமா ஆட்டினா அதுல இருந்து அலை கிளம்பிப் போகும், அவ்வளவுதான் அடிப்படை. எப்படி ஆட்டறதுங்கிறதுலதான் காலத்துக்குக் காலம் வித்தியாசம். எம்டன் காலத்துல பெரும்பாலும் ஸ்பார்க் டிரான்ஸ்மிட்டர், அதாவது நிஜமாவே தீப்பொறி. வீட்ல மிக்ஸி போட்டா ரேடியோல கரகரன்னு வருமே, மிக்ஸி மோட்டார்ல பிரஷ் தேயற இடத்துல பொறி பறக்கறதுதான் அந்தக் கரகரப்பு, அந்தப் பொறியையே பெரிசாக்கி ஒரு ஏரியல்ல கட்டிவிட்டா அதான் ஸ்பார்க் டிரான்ஸ்மிட்டர். மிக்ஸி சத்தம் டயல்ல ஒரு இடத்துல மட்டும் வராம பரவலா வருதுல்ல, ஸ்பார்க்கும் அப்படித்தான், ஒருத்தர் பேசினா அக்கம்பக்கத்துல இருக்கிற அலைவரிசை எல்லாம் கெட்டுப்போகும்.

இரண்டாம் உலகப்போர் வர்றதுக்குள்ள வால்வு, அதாவது பல்பு மாதிரி காத்தை எடுத்த கண்ணாடிக் குழாய், வந்து இதை மாத்திடுச்சு. வால்வு டிரான்ஸ்மிட்டரைக் கச்சேரி மேடையை வச்சுப் புரிஞ்சுக்கலாம்னு நான் எப்பவும் சொல்வேன். முதல்ல சுருதிப்பெட்டி மாதிரி ஒரு வால்வு, அது சன்னமான சத்தத்துல ஒரே சுருதியை விடாம பிடிச்சுக்கிட்டே இருக்கும், அதுக்கு ஆசிலேட்டர்னு பேர். கடைசியில பவர் ஆம்ப்ளிஃபயர்னு பெரிய வால்வு, அது அந்தச் சுருதியை வாங்கிப் பலமாக்கி ஏரியலுக்குத் தள்ளும். ரெண்டுக்கும் நடுவுல பஃபர்னு ஒரு வால்வு உண்டு, இதை நிறைய பேர் விட்டுட்டுச் சொல்வாங்க, ஆனா கப்பல்ல இதுதான் முக்கியம். கப்பல் ஆடும்போது ஏரியலும் ஆடும், மழை, உப்புத் தண்ணி எல்லாம் படும், அந்த மாற்றம் எல்லாம் நேரா ஆசிலேட்டர் மேல விழுந்தா சுருதி கலைஞ்சிடும், அப்படி விழாம நடுவுல நின்னு தடுக்கிறது பஃபர். மோர்ஸ் கீயை அழுத்தினா அலை போகும், விட்டா நிக்கும், குட்டையா நெட்டையா அடிச்சா எழுத்து.

இதுக்கு நல்ல உதாரணம் அமெரிக்க நேவியோட டிசிஎஸ்ங்கிற செட். காலின்ஸ் கம்பெனி டிசைன் பண்ணது, பிறகு வேற கம்பெனிகளும் செஞ்சு கொடுத்தாங்க. டிரான்ஸ்மிட்டர் தனிப் பெட்டி, ரிசீவர் தனிப் பெட்டி, ரெண்டும் அக்கம்பக்கத்துல ஜோடியா உட்காரும், 1.5ல இருந்து 12 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வேலை செய்யும் (மெகாஹெர்ட்ஸ்னா செகண்டுக்குப் பத்து லட்சம் ஆட்டம், கிலோஹெர்ட்ஸ்னா ஆயிரம்; பழைய டயல்ல மெகாசைக்கிள்னு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்ணுதான்). பிடி போட்ங்கிற டார்பிடோ படகுகள், ஆட்களைக் கரையில இறக்கற படகுகள், இந்த மாதிரி சின்னக் கலங்கள்ல இது நிறைய ஓடுச்சு. பவர் வால்வு 1625ன்னு ஒரு நம்பர், பொழுதுபோக்கா ரேடியோ வச்சுப் பேசற ஹாம் ரேடியோ ஆட்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச 807 வால்வோட அண்ணன் தம்பி மாதிரி, உள்ள சூடேத்தற கம்பிக்கு மட்டும் 12 வோல்ட். படகு பேட்டரில இருக்கிறதோ 12 வோல்ட் 24 வோல்ட், வால்வுக்கு வேணும் சில நூறு வோல்ட், அதுக்கு டைனமோட்டர்னு ஒரு சுத்தற மெஷின். ஒரு பக்கம் மோட்டாரா ஓடி அதே அச்சுல இன்னொரு பக்கம் ஜெனரேட்டரா ஹை வோல்டேஜ் எடுத்துக் கொடுக்கும், பேச ஆரம்பிக்கும்போது "ஊய்ய்ங்"னு அது ஏறுற சத்தத்தைக் கேட்டவங்க மறக்க மாட்டாங்க.

டிசிஎஸ்ல அலைவரிசையை ரெண்டு விதமா வைக்கலாம். டயலைத் திருப்பி எங்க வேணா வச்சுக்கலாம், இல்லன்னா கிரிஸ்டல் சொருகலாம். கிரிஸ்டல்ங்கிறது படிகக்கல், குவார்ட்ஸ், அதை மெல்லிசாச் சீவித் தேய்ச்சா அதோட கனத்துக்கு ஏத்த ஒரே அலைவரிசையில மட்டும் துடிக்கும், சூடு ஏறினாலும் படகு குலுங்கினாலும் பெரிசா நகராது. போர்க்காலத்துல இந்தக் குவார்ட்ஸ் பெரும்பாலும் பிரேசில்ல இருந்து வந்துச்சு. எல்லாப் படகும் ஒரே அலைவரிசையில சரியா உட்கார்ந்திருந்தா கூப்பிட்டதும் கேட்கும், "எங்க இருக்கே, இன்னும் கொஞ்சம் அடி, தேடறேன்"னு இழுக்க வேண்டியதில்ல. பேச்சு குறையக் குறைய ஆபத்தும் குறையும், அதனால கிரிஸ்டல் வெறும் வசதிக்காக வந்தது மட்டும் இல்ல.

இப்போ ரிசீவர், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பிரிட்டிஷ் நேவி பி28னு கூப்பிட்ட ரிசீவரை எடுத்துக்குவோம், மார்க்கோனி கம்பெனி இதுக்கு வச்ச பேர் சிஆர்100. பதினோரு வால்வு, தூக்கணும்னா ரெண்டு ஆள் வேணும், சுமார் 37 கிலோ. 60 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஆறு பேண்ட்ல கேட்கலாம், ஆனா நடுவுல 420ல இருந்து 500 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு ஓட்டை, அங்க கேட்கவே கேட்காது. இந்த ஓட்டை ஏன்னு புரிஞ்சா ரிசீவர் புரிஞ்ச மாதிரிதான்.

வீணை, தம்புரா சுருதி சேர்க்கறதைக் கேட்டிருக்கீங்களா, ரெண்டு தந்தி கிட்டத்தட்ட ஒரே சுருதியில இருந்து துளி விலகி இருந்தா "வொய்ங் வொய்ங்"னு ஒரு அலையாட்டம் கேட்கும். எவ்வளவு விலகி இருக்கோ அவ்வளவு வேகமா ஆடும், அதாவது ரெண்டோட வித்தியாசம் ஒரு புதுத் துடிப்பா கேட்குது. ரேடியோல இதே வித்தையை வச்சு 1918ல எட்வின் ஆம்ஸ்ட்ராங்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் கண்டுபிடிச்சதுதான் சூப்பர்ஹெட்டரோடைன், சுருக்கமா சூப்பர்ஹெட். வானத்துல இருந்து 8000 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு சிக்னல் வருதுன்னு வைங்க, ரிசீவருக்குள்ளேயே ஒரு குட்டி ஆசிலேட்டர் 8465ல துடிக்குது, ரெண்டையும் கலந்தா வித்தியாசம் 465. நீங்க வேற ஸ்டேஷனுக்கு டயலைத் திருப்பினா உள்ள இருக்கிற ஆசிலேட்டரும் கூடவே நகரும், வித்தியாசம் எப்பவும் 465தான். அப்போ அந்த 465க்குன்னு மட்டும் நல்ல ஃபில்டரும் நல்ல ஆம்ப்ளிஃபயரும் செஞ்சு வச்சா போதும், உலகத்துல எந்த ஸ்டேஷன் வந்தாலும் அந்த ஒரு வாசல் வழியாத்தான் வந்தாகணும். சரி, வெளியில இருந்தே யாராவது 465ல அடிச்சா என்ன ஆகும், நேரா வாசல்ல நுழைஞ்சு குழப்பிடும், அதனாலதான் அந்தப் பக்கத்தையே டயல்ல விட்டுட்டாங்க. ஓட்டைக்குக் காரணம் அதுதான், முதல் தடவை இது புரிஞ்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பி28ல இன்னொரு குமிழ் இருக்கு, பேண்ட்விட்த். வாசலோட அகலத்தை 6000, 3000, 1200, 300, 100 ஹெர்ட்ஸ்னு குறைச்சுக்கிட்டே போகலாம். 6000ல வச்சா பேச்சு கேட்கும், பாட்டு கூட சுமாரா கேட்கும். 100க்கு வந்தா ஒரே ஒரு மோர்ஸ் ஆள் மட்டும்தான் உள்ள வர முடியும், பக்கத்துல பத்துப் பேர் அடிச்சாலும் அவங்க எல்லாம் கதவுக்கு வெளியில. சந்தைக்கடை இரைச்சல் நடுவுல ஒரே ஒரு குரலைப் பிடிக்கிற மாதிரி. அட்லாண்டிக்ல நாலு மணி நேர டியூட்டியில ஹெட்போனை மாட்டிக்கிட்டு, கப்பல் குத்தாட்டம் போடும்போது, மங்கலான மோர்ஸை எழுத்தெழுத்தா எழுதின பசங்களுக்கு இந்தக் குமிழோட அருமை தெரியும்.

அப்புறம் பிஎஃப்ஓ, அதாவது பீட் ஃப்ரீக்வென்சி ஆசிலேட்டர், மோர்ஸைக் காதுக்குக் கேட்க வைக்கிற பகுதி. மோர்ஸுக்குன்னு தனியா சத்தம் கிடையாது, அது வெறும் அலை இருக்கு, அலை இல்ல, அவ்வளவுதான், ரிசீவர்ல அப்படியே கேட்டா "புஸ் புஸ்"னு இரைச்சல் அமுங்கி எழும், வேற ஒண்ணும் தெரியாது. அதனால 465 பக்கத்துல இன்னொரு ஆசிலேட்டரை, 466ல, ஓட விடறாங்க, வித்தியாசம் 1 கிலோஹெர்ட்ஸ், அது நம்ம காதுக்குக் கேட்கிற விசில், கீ அழுத்தும்போதெல்லாம் "பீ பீ". மறுபடியும் அதே தம்புராத் தந்தி கதைதான் பாருங்க.

இவ்வளவு அழகான சூப்பர்ஹெட்டுக்குக் கப்பல்ல ஒரு பெரிய கெடுதல் இருந்துச்சு. ரிசீவருக்குள்ள ஒரு ஆசிலேட்டர் ஓடுதுன்னு சொன்னேன்ல, ஆசிலேட்டர்னா அதுவும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர்தானே. சரியா மூடி வைக்கலன்னா அது ஏரியல் வழியா வெளிய கசியும், அதாவது நீங்க வாயே திறக்கல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க, ஆனாலும் இருக்கிற இடம் தெரியும். அதனால கப்பல்ல மாலுமிங்க வீட்டு ரேடியோவைக் கொண்டு வந்து பாட்டு கேட்கறதுக்குத் தடை போட்டாங்க. பாட்டும் நியூஸும் இல்லாம மாசக்கணக்குல கடல்ல கிடக்கறதும் கஷ்டம்தானே, அதுக்காகவே ஸ்காட் கம்பெனி கசிவு ரொம்பக் குறைவான ரிசீவர் செஞ்சு அமெரிக்கக் கப்பல்களுக்குக் கொடுத்தாங்க. நேவி ரிசீவர்கள்ல முன்னாடி ஒண்ணு ரெண்டு கூடுதல் வால்வு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனித் தகரத் தடுப்பு, இறுக்கமான மூடி, இதெல்லாம் சிக்னலைப் பெருசாக்க மட்டும் இல்ல, கசிவை உள்ளேயே அடைச்சு வைக்கவும்தான். எடை ஏறினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கசிவு பயம் எவ்வளவு ஆழமா போச்சுன்னா ஜெர்மன் நீர்மூழ்கிகள்ல விமான ரேடாரைக் கண்டுபிடிக்க மெட்டாக்ஸ்னு ஒரு ரிசீவர் வச்சிருந்தாங்க, 1943ல படகுகள் வரிசையா மூழ்கவும் இந்த மெட்டாக்ஸ் கசியறதாலதான் விமானங்கள் மோப்பம் பிடிச்சு வருதுன்னு நம்பி அதையே நிறுத்தச் சொல்லிட்டாங்க. கசிவு உண்மைதான், ஆனா படகுகள் மாட்டினதுக்கு நிஜக் காரணம் வேற, மெட்டாக்ஸுக்குக் கேட்காத 10 சென்டிமீட்டர் அலையில வேலை செஞ்ச புது ரேடார், உடைக்கப்பட்ட ரகசியக் குறியீடு, அப்புறம் நான் இப்போ சொல்லப்போற ஹஃப்-டஃப்.

ஹஃப்-டஃப்னா ஷார்ட்வேவ் சிக்னல் எந்தத் திசையில இருந்து வருதுன்னு காட்டற கருவி. நீர்மூழ்கிகள் கூட்டமா வேட்டையாடணும்னா ஒருத்தன் கப்பல் கூட்டத்தைப் பார்த்ததும் தலைமைக்கு ரேடியோல சொல்லணும், தலைமை மத்தவங்களைக் கூப்பிடும். சொல்றதை முடிஞ்ச அளவு சுருக்கணும்னு, இருபது செகண்டு கூட ஆகாத அளவுக்கு அடக்கி அடிக்கிற குறியீடுகளை ஜெர்மன்காரங்க வச்சிருந்தாங்க, அதுக்குள்ள யாராலயும் ஏரியலைச் சுத்தித் திசை பார்க்க முடியாதுன்னு நம்பிக்கை. அந்தக் கணக்கு தப்பாப் போனது ஏன்னா ஏரியலைச் சுத்தவே வேணாம்ங்கிற மாதிரி ஒரு வழி ஏற்கனவே இருந்துச்சு. ராபர்ட் வாட்சன்-வாட் இடி மின்னல் எங்க அடிக்குதுன்னு பார்க்கிறதுக்காக 1920கள்ல செஞ்ச ஏற்பாடு அது, குறுக்குநெடுக்கா ரெண்டு ஏரியல், ரெண்டுலயும் வர்ற சிக்னலைப் பழைய டிவி டியூப் மாதிரி ஒரு திரைக்குக் கொடுத்தா சிக்னல் வந்த திசைக்கு நேரா ஒரு கோடு விழும், கண்ணிமைக்கிற நேரம் போதும். மின்னல் எவ்வளவு நேரம் நிக்கும், அதையே பிடிச்ச கருவிக்கு இருபது செகண்டெல்லாம் தாராளம். இதைக் கப்பல்ல வைக்கிற அளவுக்குச் சுருக்கினதுதான் பிரிட்டிஷ் நேவியோட எஃப்எச்4. துணைக்கு வர்ற போர்க்கப்பல் அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நேரா ஓடும், நீர்மூழ்கி முங்கித்தான் ஆகணும், முங்கிட்டா வேகமும் போச்சு பார்வையும் போச்சு, அதுக்குள்ள கப்பல் கூட்டம் திசை மாத்திப் போயிடும். குண்டு எதுவும் வெடிக்காமலே நிறைய உயிர் இப்படித் தப்பிச்சிருக்கு.

அப்போ பேசாமலே எப்படித்தான் சமாளிச்சாங்க? அமெரிக்க நேவி செஞ்சது ரொம்ப எளிமையானது. கரையில இருக்கிற பெரிய ஸ்டேஷன் ராப்பகலா மெசேஜை வரிசை நம்பர் போட்டு அடிச்சுக்கிட்டே இருக்கும், ஃபாக்ஸ்னு அதைச் சொல்வாங்க, கடல்ல இருக்கிற கப்பல் எல்லாம் கேட்டு டைப்ரைட்டர்ல அடிச்சுக்கணும், அவ்வளவுதான், கிடைச்சுதுன்னு யாரும் பதில் சொல்லக்கூடாது. 41, 42, 44ன்னு இருந்தா 43 விட்டுப்போச்சுன்னு கப்பலுக்கே தெரியும். மெசேஜ் தனக்கா வேற கப்பலுக்கான்னு கேட்டு எழுதின பிறகுதான் தெரியும், அதனால எல்லாத்தையும் எழுதணும். அதுதான் போர்க்கப்பல் ரேடியோ அறையில டிரான்ஸ்மிட்டரை விட ரிசீவருக்கு எப்பவும் ஓய்வில்லாம இருந்ததுக்குக் காரணம்.

கப்பலுக்குக் கப்பல் பேச டிபிஎஸ்னு ஒரு செட், 60ல இருந்து 80 மெகாஹெர்ட்ஸ், 50 வாட், மைக்கைப் பிடிச்சு நேரா வாயாலேயே பேசலாம். இவ்வளவு உயர்ந்த அலைவரிசை பூமியோட வளைவைத் தாண்டி அதிகம் போகாது, அடிவானம் வரைக்கும்தான், அதனால தூரத்துல இருக்கிற எதிரிக்குக் கேட்காதுங்கிற தைரியம். எப்பவாவது வானிலை சேர்ந்து வந்தா ரொம்ப தூரம் தாவிப் போயிடும், அது வேற.

நேர் எதிர்ப்பக்கம் ரொம்பத் தாழ்ந்த அலைவரிசை, விஎல்எஃப். ஷார்ட்வேவ் உப்புத் தண்ணிக்குள்ள இறங்காது, ஆனா இருபது கிலோஹெர்ட்ஸ் மாதிரி அலை சில மீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கும், நீர்மூழ்கி மேல வராமலே கேட்கலாம். ஜெர்மனி 1943ல கால்பே ஊர்ல கோலியாத்னு 1000 கிலோவாட் ஸ்டேஷன் கட்டினது இதுக்குத்தான். நம்ம திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்துல இருக்கிற ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படை ஸ்டேஷனும் அதே விஎல்எஃப் வேலையைத்தான் செய்யுது, 1990ல ஆரம்பிச்சது. அந்தப் பக்கம் பஸ்ல போறப்போ தூரத்துல தெரியற அந்த உயர உயரக் கம்பங்களைப் பார்த்தா கோலியாத்தோட சொந்தக்காரன்னு நினைச்சுக்குங்க.

எல்லா நேரமும் வாயை மூடிக்கிட்டே இருக்கவும் முடியாது. 1942 ஏப்ரல் 4, இலங்கையில கொக்கல ஏரியில இருந்து கிளம்பின ஒரு கேட்டலினா கடல் விமானம், ஓட்டினவர் கனடாக்காரர் லியனார்ட் பர்ச்சல், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்துட்டார். பார்த்ததைச் சொன்னா தான் மாட்டுவோம்னு தெரியும், சொல்லாட்டி கொழும்பு மாட்டும். மோர்ஸ்ல அடிக்கச் சொன்னார், திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டிருக்கும்போதே ஜப்பானிய ஜீரோ விமானங்கள் சுட்டு வீழ்த்திடுச்சு, பர்ச்சல் கைதியாகிட்டார், ஆனா மெசேஜ் கரைக்கு வந்து சேர்ந்துடுச்சு. மறுநாள் கொழும்பு மேல குண்டு விழுந்தப்போ துறைமுகத்துல இருந்த கப்பல்ல நிறைய முன்கூட்டியே வெளிய போயாச்சு. எம்டன் கதையில ஒரு மெசேஜ், இதுல ஒரு மெசேஜ், ரெண்டுமே நம்ம பக்கத்துக் கடல்லதான் நடந்தது.

போர் முடிஞ்சதும் இந்தப் பெட்டிகள் எல்லாம் உபரிச் சாமானா மலிவு விலைக்கு வந்துச்சு, உலகம் முழுக்க ஹாம் ரேடியோ ஆட்கள் அள்ளிக்கிட்டாங்க. இன்னைக்குப் பார்க்கணும்னா லண்டன்ல எச்எம்எஸ் பெல்ஃபாஸ்ட், அமெரிக்காவுல அல்பனி ஊர்ல யுஎஸ்எஸ் ஸ்லேட்டர், இந்த மாதிரி மியூசியக் கப்பல்கள்ல ரேடியோ அறையை அப்படியே வச்சிருக்காங்க, அங்க இருந்து ஹாம் ஆட்கள் நிஜமாவே காத்துல பேசறாங்க.

யாருக்காவது இப்படி ஒரு பழைய பெட்டி கையில கிடைச்சா தயவுசெஞ்சு உடனே பிளக்கைச் சொருகாதீங்க. எண்பது வருஷப் பழைய பேப்பர் கண்டென்சர் (கரண்ட்டைச் சேர்த்து வைக்கிற உறுப்பு) ஒழுக ஆரம்பிச்சிருக்கும், ஒரு தடவை ஒரு நண்பரோட ரிசீவர்ல நான் அவசரப்பட்டு சுவிட்ச் போட்டு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கருகிப் போச்சு, அது மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் இனி எங்க கிடைக்கும், இன்னும் மனசு ஆறல. முதல்ல அந்தக் கண்டென்சரை மாத்தி, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். டிரான்ஸ்மிட்டர்னா சில நூறு வோல்ட்ல இருந்து ஆயிரக்கணக்குல போகும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டென்சர்ல கரண்ட் தங்கி இருக்கும், ஆளைக் கொன்னுடும், அனுபவம் உள்ளவர் பக்கத்துல இல்லாம மூடியைத் திறக்காதீங்க. இருட்டுல ஒளிர்ற மாதிரி முள்ளு, எழுத்து இருக்கிற மீட்டர்ல ரேடியம் பூச்சு இருக்கலாம், அதைச் சுரண்டவோ பிரிக்கவோ வேணாம்.

பெட்டி எதுவும் இல்லாமலும் பிஎஃப்ஓ எப்படி இருக்கும்னு இப்பவே கேட்டுப் பார்க்கலாம். நெதர்லாந்துல ட்வென்டே யுனிவர்சிட்டி ஷார்ட்வேவ் ரிசீவரை இன்டர்நெட்ல திறந்து விட்டிருக்காங்க, போன்லயே வரும். 7000ல இருந்து 7030 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போங்க, எப்பவும் யாராவது மோர்ஸ் அடிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க. முதல்ல ஏஎம்ல (சாதாரணமா பேச்சு, பாட்டு கேட்கிற முறை) வைங்க, "புஸ் புஸ்"னு இரைச்சல் மட்டும் ஏறி இறங்கும். இப்போ சிடபிள்யூக்கு (பிஎஃப்ஓ போட்டு மோர்ஸ் கேட்கிற முறை) மாத்துங்க, அதே இடத்துல இருந்து விசில் கிளம்பும், பிறகு வாசலோட அகலத்தைக் குறைச்சுக்கிட்டே வாங்க, பக்கத்துல அடிக்கிறவங்க ஒவ்வொருத்தரா மறைஞ்சு கடைசியில ஒரே ஒருத்தரோட கை மட்டும் கேட்கும்.